அமெரிக்காவில் நிறமும் அரசியலும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள ஃபோர்சைத் கவுண்டியில் குடியிருக்கிறேன். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். குடியுரிமை வாங்கிய பிறகு தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் வேலையும் பார்க்கிறேன். ஊரிலிருந்து போன் செய்கிற உறவினர்கள், தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர், மேல்படிப்புக்கு வரப்போகும் மாணவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கருத்துகள் என்னுடையவை.

உங்கள் பகுதியில் கறுப்பின மக்களை அவ்வளவாகப் பார்க்க முடியவில்லையே, ஏன்?

துரத்திவிட்டார்கள். அதுதான் நேரான பதில்.

1912 செப்டம்பரில் இங்கே ஒரு வெள்ளைக்கார இளம்பெண் தாக்கப்பட்டுக் கிடந்தாள், பிறகு இறந்துபோனாள். சந்தேகத்தில் பிடிபட்ட ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞரை ஒரு கூட்டம் சிறைக்குள் புகுந்து கொன்று, கம்மிங் நகரத்தின் நடுவில் தொங்கவிட்டது. எர்னஸ்ட் நாக்ஸ், ஆஸ்கர் டேனியல் என்ற இரண்டு பையன்கள் மீது அவசர அவசரமாக வழக்கு நடத்தி, அக்டோபர் 25 அன்று தூக்கிலிட்டார்கள். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. அப்புறம் ஒவ்வோர் இரவும் ஆட்கள் குதிரையில் வந்து கறுப்பர்களின் வீடுகளில் சுட்டார்கள், தேவாலயங்களைக் கொளுத்தினார்கள், ஊரைவிட்டுப் போகச் சொல்லி மிரட்டினார்கள். கவுண்டியில் இருந்த 1,098 கறுப்பர்களில் ஏறக்குறைய எல்லாருமே சில வாரங்களில் வெளியேறிவிட்டார்கள். விதைத்ததை அறுக்கக்கூடப் பலரால் முடியவில்லை.

அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு இது வெள்ளையருக்கு மட்டுமான கவுண்டியாகவே இருந்தது. 1987 ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறையையொட்டி இங்கே ஒரு சகோதரத்துவப் பேரணி நடத்த நினைத்தவர் உள்ளூரில் கராத்தே சொல்லித் தந்த ஒரு வெள்ளைக்காரர். மிரட்டல்கள் வந்ததும் அவர் விலகிக்கொள்ள, வேறு சிலர் அதை எடுத்துக்கொண்டார்கள். கிங்கின் பழைய தோழர் ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் ஜனவரி 17 அன்று ஒரு சிறு குழு நடந்தது. பல நூறு பேர் திரண்டு அவர்கள்மீது கல்லும் பாட்டிலும் எறிந்தார்கள். அடுத்த சனிக்கிழமை, ஜனவரி 24 அன்று, சுமார் 20,000 பேர் வந்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற தேசியக் காவல் படைக்கு நடுவே நடந்து வந்த அவர்களில் வெள்ளையர்களும் ஏராளம்.

இன்று இந்தக் கவுண்டியில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஆசியர்கள். அதில் பெரும்பங்கு நம் இந்தியர்கள். கறுப்பினத்தவர் 2020 கணக்கெடுப்பில்கூட நூற்றுக்கு நாலைந்து பேர்தான். இத்தனைக்கும் ஒரு மணி நேர கார் தூரத்தில் இருக்கிறது அட்லாண்டா, கறுப்பின அரசியலின் தலைநகரம் என்று சொல்லத்தக்க நகரம். வீடு வாங்கும்போது நாங்கள் பள்ளிக்கூட ரேட்டிங் பார்த்தோம், வரி பார்த்தோம். இந்தக் கதையை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்க வேண்டுமா?

என் சித்தப்பா கேட்கிற கேள்வி இது. அவருக்குப் புரியும்படி நான் சொல்வது நிலத்தை வைத்துத்தான். 1912-இல் ஓடியவர்களில் சொந்தமாக நிலம் வைத்திருந்தவர்களும் உண்டு. சிலர் கிடைத்த விலைக்கு விற்றார்கள், சிலர் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். இன்றைக்கு இந்த மண் ஏக்கர் என்ன விலை போகிறது என்பது இங்கே வீடு தேடிய எல்லாருக்கும் தெரியும். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குப் போயிருக்க வேண்டிய சொத்து அது.

1930-களில் அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களுக்கு வரைபடம் போட்டபோது கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்றது. பல தலைமுறைகளுக்கு அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் முக்கியச் சொத்தே வீடுதான். அந்த வாசலை ஒரு மக்கள் கூட்டத்துக்கு அடைத்தால் என்ன ஆகும்? 2022-இல் மத்திய வங்கி எடுத்த கணக்குப்படி, சொத்து வரிசையில் நடுவிலிருக்கும் ஒரு வெள்ளையர் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். நடுவிலிருக்கும் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 45,000 டாலர்.

இன்னொன்று. அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா பாலத்தில் போலீஸ் அடித்து மண்டை உடைந்தபோது ஜான் லூயிஸுக்கு 25 வயது. 2020-இல் இறக்கும்வரை அவர் அட்லாண்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர். நான் வேலை பார்த்த சாவடிக்கு ஒரு கறுப்பினப் பாட்டி வந்தார். தன் அம்மாவுக்கு ஓட்டுரிமை கிடைத்தபோது தான் பள்ளிக்கூடப் பெண் என்றார். பழைய கதை என்று அவரிடம் என்னால் சொல்ல முடியாது.

கறுப்பர்களின் போராட்டத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம் படித்து, விசா வாங்கி, முறையாகத்தானே வந்தோம்?

அந்த விசா எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1923-இல் பகத் சிங் தின்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. அவரோ முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சீருடை போட்டவர். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த வேறு பல இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946-இல் சட்டம் கொஞ்சம் இளகியபோதும் இந்தியாவுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு வெறும் 100 இடம்.

1964-இல் சிவில் உரிமைச் சட்டம். 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, பிறந்த நாட்டை வைத்து ஆளை ஒதுக்கும் பழைய ஒதுக்கீட்டு முறையை எடுத்துவிட்ட குடியேற்றச் சட்டம். மூன்றிலும் கையெழுத்துப் போட்டவர் லிண்டன் ஜான்சன். நிறம் பார்த்து உரிமை கொடுப்பது தவறு என்று இந்த நாட்டின் மனசாட்சியை உலுக்கியவர்கள் தெருவில் அடிபட்ட கறுப்பின மக்கள். அந்த உலுக்கலில்தான் நமக்கும் கதவு திறந்தது. நம் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் கணவரும் நானும் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் பூட்டு இருந்தவரை எந்த உழைப்புக்கும் இங்கே இடமில்லை.

உங்களை யாராவது நிறத்தை வைத்து அவமானப்படுத்தியிருக்கிறார்களா?

ஆம், நடந்திருக்கிறது. ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில், என் மகள் பக்கத்தில் இருக்கும்போதே, உன் நாட்டுக்குப் போ என்று ஒருவர் கத்தினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைவிடப் பெரிய பயம் 2021 மார்ச் 16 அன்று வந்தது. அட்லாண்டா வட்டாரத்தில் மூன்று ஸ்பாக்களில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள்.

இருந்தாலும் என் அனுபவத்தையும் இங்குள்ள கறுப்பின நண்பர்களின் அனுபவத்தையும் ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 2020 பிப்ரவரியில், இதே ஜார்ஜியாவின் கடலோரத்தில், அஹ்மட் ஆர்பரி என்ற 25 வயது இளைஞர் ஓட்டப்பயிற்சி போனார். மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தினார்கள். அவர்களில் ஒருவன் சுட்டுக் கொன்றான். வீடியோ வெளியே வரும்வரை இரண்டு மாதத்துக்கு மேல் யாரும் கைதாகவில்லை. என் மகன் தெருவில் ஓடப் போகும்போது நான் பயப்படுவதில்லை. என்னோடு வேலை பார்க்கும் கறுப்பினத் தாய் பயப்படுகிறார்.

அந்த வழக்கின் முடிவையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு ஜூரர்களில் பதினோரு பேர் வெள்ளையர்கள். அந்தக் கொலைக்குப் பிறகுதான், 2020 ஜூனில், வெறுப்புக் குற்றங்களுக்கு எதிரான சட்டம் ஜார்ஜியாவில் நிறைவேறியது. இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றின.

நம் ஆட்களே கறுப்பர்களைப் பற்றி மட்டமாகப் பேசுகிறார்களே?

பேசுகிறார்கள். வார இறுதி விருந்துகளில் சாப்பாட்டு மேசையில் கேட்கிறேன். அந்தப் பகுதியில் வீடு வாங்காதே, அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம், அவர்களோடு பழகாதே. எல்லாம் தாழ்ந்த குரலில், அக்கறையாகச் சொல்கிற தொனியில்.

இந்தப் பேச்சு அமெரிக்காவில் கற்றது என்று நான் நம்பவில்லை. யாரை நடுவீட்டுக்குள் விடலாம், யாருக்குத் தனித் தம்ளர் என்று பார்த்துப் பழகிய கண்ணோடுதான் நம்மில் பலர் விமானம் ஏறினோம். 1959-இல் கிங் இந்தியாவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ச்சியாக இருந்தது, அப்புறம் தன் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தபோது அது உண்மைதான் என்று பட்டது, இதை கிங்கே பின்னாளில் தன் தேவாலயத்தில் சொல்லியிருக்கிறார். சாதியும் நிறவெறியும் அச்சாக ஒன்றல்ல. எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பதை அவர் உணர்ந்தார், நாமும் உணரலாம்.

விருந்தில் அப்படி யாராவது பேசினால் நான் சண்டை போடுவதில்லை. 1912 கதையைச் சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தில் நடந்தது என்று சொல்கிறேன். பெரும்பாலும் மேசை அமைதியாகிவிடும். சிலர் மறுநாள் போன் செய்து மேலும் கேட்பார்கள்.

ஒபாமா ஜெயித்தபோது இனி நிறவெறி இல்லை என்றார்களே, என்ன ஆச்சு?

அவர் அப்படிச் சொல்லவில்லை. 2008 மார்ச் 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஆற்றிய உரையில், ஒரே தேர்தலில் இந்தப் பிளவைக் கடந்துவிடலாம் என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளி அல்ல என்ற பொருளில்தான் பேசினார். தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டி, தெருவில் எதிரே வரும் கறுப்பின ஆண்களைக் கண்டு பயந்ததையும் சொன்னார். அன்பும் அச்சமும் ஒரே வீட்டில் இருப்பதை மறைக்காமல் பேசிய தலைவர் என்பதால் எனக்கு அந்த உரைமேல் மதிப்பு.

அப்புறம் நடந்ததும் தெரியும். அவர் அமெரிக்காவில் பிறக்கவே இல்லை என்ற பொய்யைப் பல ஆண்டுகள் பரப்பினார்கள். நாட்டின் ஜனாதிபதி 2011 ஏப்ரலில் தன் முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட வேண்டியிருந்தது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டனில், பைபிள் வகுப்பில் தன்னை உட்காரவைத்த ஒன்பது கறுப்பர்களை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான்.

வாக்களிப்பதில் இன்னும் என்ன பிரச்சினை இருக்கிறது? எல்லாருக்கும் ஓட்டு உண்டுதானே?

உண்டு. ஆனால் ஓட்டுரிமையைப் பறிக்க இங்கே யாரும் ஓட்டு இல்லை என்று எழுதிவைக்க வேண்டியிருந்ததில்லை. ஜார்ஜியாவில் 1940-களின் நடுப்பகுதிவரை ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வெள்ளையர் மட்டும்தான் வாக்களிக்கலாம். ஒரே கட்சி ஜெயித்துவந்த காலத்தில் அதுதான் உண்மையான தேர்தல். எழுத்தறிவுச் சோதனை, தலைவரி என்று வேறு வழிகளும் இருந்தன. சின்ன கிராமக் கவுண்டிகளின் ஓட்டுக்கு அட்லாண்டாவின் ஓட்டைவிடப் பல மடங்கு எடை கொடுக்கும் முறையும் இருந்தது. உச்ச நீதிமன்றம் 1963-இல்தான் அதை ஒழித்தது.

1965 சட்டத்தின் பலம் என்னவென்றால், பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுவதற்கு முன்பே மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும். ஜார்ஜியாவும் அதில் அடக்கம். 2013 ஜூன் 25 அன்று, ஷெல்பி கவுண்டி வழக்கில், எந்த மாநிலங்களுக்கு இது பொருந்தும் என்று தீர்மானிக்கும் பிரிவை உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரத்து செய்தது. முன்அனுமதி என்ற காவல் அன்றோடு போயிற்று.

2021 மார்ச்சில் ஜார்ஜியா ஒரு புதிய தேர்தல் சட்டம் கொண்டுவந்தது. சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களுக்குத் தன்னார்வலர்கள் தண்ணீரோ சாப்பாடோ கொடுப்பதுகூடக் குற்றம் என்றது அது. கறுப்பினத் தேவாலயங்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மக்களை வண்டியில் ஏற்றி முன்கூட்டிய வாக்குப்பதிவுக்கு அழைத்துப் போகும் வழக்கம் உண்டு. அந்த ஞாயிறுகளைக் குறுக்கவும் முதலில் முயன்றார்கள். எதிர்ப்பு பலமானதும் கைவிட்டார்கள். சட்டம் வந்த பிறகும் நிறையப் பேர் வாக்களித்தார்களே என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் வாக்களிக்கும் விகிதத்தில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் உள்ள இடைவெளி 2022-இல் விரிந்தது. தடையை மீறி ஓடி ஜெயித்தவரைக் காட்டி, தடை இருந்தால் என்ன என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2020 தேர்தலில் மோசடி என்றார்களே, நீங்கள் சாவடியில் வேலை பார்ப்பவர் ஆயிற்றே?

ஜார்ஜியாவில் பைடன் ஜெயித்தது 11,779 வாக்கு வித்தியாசத்தில். மூன்று முறை எண்ணினார்கள், அதில் ஒருமுறை ஒவ்வொரு சீட்டாகக் கையால். மாநிலத் தேர்தல் பொறுப்பாளர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர் ட்ரம்பின் கட்சிக்காரர். வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ட்ரம்பே போனில் அழுத்தியும் அவர் வளையவில்லை.

இதில் என்னை மிகவும் வாட்டியது ரூபி ஃப்ரீமன், ஷே மாஸ் என்ற தாயும் மகளும் பட்ட துன்பம். இருவரும் கறுப்பினப் பெண்கள், ஃபுல்டன் கவுண்டியில் வாக்குகளை எண்ணியவர்கள். அவர்கள் மோசடி செய்ததாக ட்ரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி பொய்யைப் பரப்பினார். கொலை மிரட்டல்கள் வந்தன, நிறத்தைச் சொல்லி வசை வந்தது, அம்மா வீட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் ஜூரி ஒன்று அவர்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, இரவு ஏழுக்கு வரிசையில் நிற்கும் கடைசி ஆள்வரை ஓட்டுப் போடவைத்து, சீட்டுகளைச் சரிபார்த்து முத்திரை வைக்கும் வேலை அது. அதைச் செய்ததற்காக ஒருவரை வேட்டையாடினார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கமலா ஹாரிஸ் தோற்றதில் வருத்தமா? நம்ம ஊர்ப் பெண்ணாயிற்றே?

வருத்தம்தான். அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் அர்ச்சனை செய்ததாகச் செய்தி வந்தபோது என் அம்மாவும் உருகினார். ஆனால் அவர் ஜெயித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 2024-இல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் பலர் ட்ரம்ப் பக்கம் போனார்கள். வாடகை, மளிகை விலை, வேலை என்று அவர்கள் சொன்ன காரணங்களைக் கேட்காமல், நிறத்தை வைத்து ஓட்டைக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள்.

அப்படியானால் உங்கள் நம்பிக்கை எதில் இருக்கிறது?

தலைவர்களில் இல்லை. வேலை செய்கிறவர்களில் இருக்கிறது.

2018-இல் ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ் ஜார்ஜியா கவர்னர் தேர்தலில் சுமார் 55,000 ஓட்டில் தோற்றார். அவரும் அவரைப் போன்ற நூற்றுக்கணக்கான அமைப்பாளர்களும், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், தோல்விக்கு மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்த்தார்கள். 2021 ஜனவரி 5 அன்று நடந்த மறுதேர்தலில் ரஃபேல் வார்னாக் ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டராக வென்றார். கிங் பிரசங்கம் செய்த எபெனேசர் தேவாலயத்தின் போதகர் அவர். சிறுமியாக மற்றவர்களின் வயலில் பருத்தி எடுத்த தன் தாய், அதே கையால் இப்போது மகனுக்கு ஓட்டுப் போட்டதை அன்றிரவு சொன்னார். கரிசல் மண்ணில் பருத்தி எடுத்த பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்தது, அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியோடு. இரண்டுமே இந்த நாடுதான்.

2025 நவம்பரில், யாரும் பெரிதாகக் கவனிக்காத மின்கட்டண ஆணையத் தேர்தலில் அலிசியா ஜான்சன் என்ற கறுப்பினப் பெண் மாநிலம் முழுக்க வாக்கு வாங்கி ஜெயித்தார், அறுபது சதவீதத்துக்கும் மேல். கரண்ட் பில் எகிறியதில் கோபமாக இருந்த வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சீட்டில் குறியிட்டார்கள். தொலைக்காட்சியில் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. எனக்கு இது எந்த ஜனாதிபதி உரையையும்விடத் தெம்பு கொடுத்தது.

எங்கள் கவுண்டியிலும் அசைவு உண்டு. ராப் எட்வர்ட்ஸ் கொல்லப்பட்டதையும் மக்கள் துரத்தப்பட்டதையும் சொல்லும் பலகை ஒன்று இப்போது கம்மிங் நகர மையத்தில் நிற்கிறது. துரத்தப்பட்டவர்களின் வம்சத்துப் பிள்ளைகளுக்கு உள்ளூர்த் தேவாலயங்கள் சேர்ந்து கல்லூரி உதவித்தொகை தருகின்றன. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு இது ஈடாகாது. ஆனால் 1987-இல் கல்லெறிந்த ஊர் இது என்பதையும் மறக்கக் கூடாது.

புதிதாக வருகிறவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் எச்சரிக்கை: குடியுரிமை இல்லாதவர்கள் எக்காரணம் கொண்டும் ஓட்டுப் பதிவு செய்யாதீர்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது படிவத்தில் அந்தக் கேள்வி வரும். தெரியாமல் ஆம் என்று குறித்துவிட்டு நாடு கடத்தும் வழக்குவரை போனவர்கள் உண்டு.

ஓட்டு இல்லாவிட்டாலும் கவுண்டிக் கூட்டங்களுக்கும் பள்ளி வாரியக் கூட்டங்களுக்கும் போய் உட்காரலாம். நூலகத்திலிருந்து எந்தப் புத்தகத்தை நீக்குவது, வரலாற்று வகுப்பில் எதைச் சொல்வது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அட்லாண்டாவில் கிங் பிறந்த ஆபர்ன் அவென்யூவுக்குப் போங்கள். முடிந்தால் அலபாமாவின் மான்ட்கமரிக்கும் போங்கள். அங்கே கும்பல் கொலைகளுக்கான நினைவிடத்தில் கவுண்டிக்கு ஒன்றாக 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள் தொங்குகின்றன. நீங்கள் குடியிருக்கும் கவுண்டியின் பெயரைத் தேடுங்கள்.

குடியுரிமை வாங்கியவர்கள் பதிவு செய்யுங்கள், மாநில இணையதளத்தில் உங்கள் பெயர் நீக்கப்படாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு சரிபாருங்கள். அப்புறம் உங்கள் கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, வாக்குச்சாவடிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். அநேகமாக வேண்டும் என்பார்கள். பயிற்சி அவர்களே கொடுப்பார்கள், சம்பளமும் உண்டு.